வெற்றுக் கட்டத்திற்கும் புள்ளி உண்டு

மாணவர்களே, இந்த வாரம் ஒரு தவற்றைப் பற்றி எழுதுகிறேன். தவறு செய்தவர் மாணவர் அல்லர்; நான்தான்.

சில ஆண்டுகளுக்கு முன்பு மூன்றாம் படிவ மாணவர்களுக்கு ஓர் இடுபணி கொடுத்தேன். ஒரு மீட்டர் உயரமுள்ள கம்பைத் தரையில் செங்குத்தாக நட வேண்டும். அக்டோபர் மாதம் முழுவதும் நண்பகலில் அதன் நிழல் எவ்வளவு நீளம் விழுகிறது என்று அளந்து அட்டவணையில் எழுத வேண்டும். அவ்வளவுதான்.

மாத முடிவில் வந்த புத்தகங்களில் இரண்டு எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. ஒரு மாணவரின் அட்டவணையில் 31 நாளுக்கும் அளவு இருந்தது. எழுத்தும் முத்து முத்தாக இருந்தது. இன்னொரு மாணவியின் அட்டவணையில் 11 கட்டங்களில் எண்ணே இல்லை. சிலவற்றில் ‘மேகம்’ என்றும் சிலவற்றில் ‘மழை’ என்றும் எழுதியிருந்தார். ஒரு கட்டத்தில் ‘மறந்துவிட்டேன்’ என்று இருந்தது. ‘முழுமைக்கு 10 புள்ளி’ என்று நானே திட்டம் வகுத்திருந்தேன். ஆகவே முதல் மாணவருக்குப் பத்துக்குப் பத்து கொடுத்தேன். மாணவிக்கு ஆறு.

பிறகு ஒருநாள் அந்தப் புத்தகங்களை மீண்டும் புரட்டியபோது, முழு அட்டவணையில் ஒரு நாளின் அளவு கண்ணில் பட்டது. 24 செ.மீ. என்று இருந்தது. அந்த நாள் எனக்குத் தெரியும். காலையிலிருந்து மழை விடவே இல்லை. பள்ளித் திடலில் தண்ணீர் தேங்கிப் பந்து விளையாட்டை ரத்து செய்தோம். சூரியனே தெரியாத நாளில் நிழல் எங்கிருந்து வந்தது?

முன்னும் பின்னும் இருந்த அளவுகளைப் பார்த்து, நடுவில் பொருந்துகிற எண் ஒன்றை அவர் எழுதியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கட்டம் காலியாக இருந்தால் புள்ளி போய்விடும் என்று அவருக்குக் கற்றுக் கொடுத்தவன் நான். உண்மையை எழுதியவருக்குப் புள்ளியைக் குறைத்தவனும் நான்.

ஓர் ஆண்டில் என்ன செய்வார்கள்?

‘சார், வானியல் ஆய்வகத்தில் வேலை செய்பவர்கள் ஆண்டு முழுக்க என்னதான் செய்வார்கள்? தினமும் புதுக் கோளா கண்டுபிடிப்பார்கள்?’ என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்ல, தமிழ்நாட்டிலுள்ள கோடைக்கானல் சூரிய ஆய்வகத்திற்கு உங்களை அழைத்துப் போக வேண்டும்.

அந்த ஆய்வகம் பிறந்த கதைக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் பருவமழை பொய்த்துப் பெரும் பஞ்சம் வந்தது. பல லட்சம் மக்கள் மாண்டார்கள். பஞ்சமும் வறுமையும் துரத்த, அந்தக் காலத்திலும் அதற்குப் பின்னும் ஊரைவிட்டுக் கப்பலேறியவர்கள் பலர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் நம் மலாயாத் தோட்டங்களுக்கும் வந்தவர்கள் அவர்களில் உண்டு. நம் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் பல குடும்பங்களின் கதையும் இப்படித்தான் தொடங்குகிறது.

அதே பஞ்சம் அறிவியலாளர்களிடமும் ஒரு கேள்வியை எழுப்பியது. சூரியனின் முகத்தில் கரும்புள்ளிகள் கூடுவதும் குறைவதும் ஏறக்குறைய 11 ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. இதற்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்குமா? இருந்தால் அடுத்த பஞ்சத்தை முன்கூட்டியே அறியலாமே! இதற்குச் சூரியனை நாள் தவறாமல் பார்க்க ஓர் இடம் தேவைப்பட்டது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவந்த வானாய்வகத்தின் பணி, 1899ஆம் ஆண்டில் பழனி மலைத்தொடரிலுள்ள கோடைக்கானலுக்கு மாறியது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,340 மீட்டர் உயரம். காற்று தெளிவானது, தூசு குறைவு.

அங்கே 1904ஆம் ஆண்டில் ஒரு பழக்கம் தொடங்கியது. காலையில் குவிமாடத்தின் கதவைத் திறப்பார்கள். தரை சூடேறிக் காற்று அலையத் தொடங்கும் முன், மேகம் ஏறி வரும் முன், தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பிக் கண்ணாடித் தகட்டில் படம் எடுப்பார்கள். தகட்டில் நாளும் நேரமும் குறித்து அடுக்கி வைப்பார்கள். மறுநாள் மீண்டும் அதே வேலை. அதற்கடுத்த நாளும் அதே வேலை. இரண்டு உலகப் போர்கள் வந்து போயின, இந்தியா விடுதலை பெற்றது, இயக்குநர்கள் மாறினார்கள். பழக்கம் மட்டும் நிற்கவில்லை. தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறையாக இந்தப் படங்களை எடுத்த உள்ளூர்க் குடும்பமும் உண்டு.

ஓர் ஆண்டில் அவர்கள் செய்வது இதுதான். வானம் தெளிந்திருக்கும் மாதங்களில் படங்கள் சேரும். மழைக்காலத்தில் பல நாள் காத்திருந்தும் ஒன்றும் கிடைக்காது. ஆண்டு முடிவில் ஒரு புதுக் கோளும் கையில் இருக்காது. சில நூறு படங்களும் சில வெற்று நாள்களும் இருக்கும்.

அந்தப் படங்களால் என்ன பயன்?

பயன் வந்தது. ஆனால் எதிர்பார்த்த இடத்திலிருந்து வரவில்லை.

1909ஆம் ஆண்டு சனவரியில், அங்குப் பணியாற்றிய ஜான் எவர்ஷெட் கரும்புள்ளியின் ஒளியை நிறமாலையாகப் பிரித்து ஆராய்ந்தார். நிறமாலைக் கோடுகள் இருக்க வேண்டிய இடத்திலிருந்து சற்று விலகியிருந்தன. ஆம்புலன்ஸ் நம்மை நெருங்கும்போது அதன் ஒலி உயர்ந்தும், விலகும்போது தாழ்ந்தும் கேட்கிறதல்லவா? அதே டாப்ளர் விளைவுதான் ஒளியிலும் நடக்கிறது. கரும்புள்ளியின் ஓரத்தில் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பாய்கிறது என்று அவர் கண்டறிந்தார். அதற்கு இன்றும் ‘எவர்ஷெட் விளைவு’ என்றுதான் உலகம் முழுவதும் பெயர்.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. நீங்கள் முதல் படிவத்தில் சேர்ந்து ஐந்தாம் படிவம் முடிப்பதற்குள் சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சியில் பாதிகூட முடியாது. ஓர் அறிவியலாளர் தம் பணிக்காலம் முழுவதும் பார்த்தாலும் மூன்று சுழற்சிகளைத்தான் பார்க்க முடியும். கோடைக்கானல் தகடுகளிலோ நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சூரியன் இருக்கிறது. ஏறக்குறைய பத்துச் சுழற்சிகள்! அந்தத் தகடுகளைக் கணினிப் படங்களாக மாற்றி, உலகின் பல நாட்டு ஆய்வாளர்கள் இன்று பயன்படுத்துகிறார்கள். கணினி என்ற பொருளே இல்லாத காலத்தில், குளிரில் நின்று படமெடுத்தவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

தொடக்கக் கேள்வி என்ன ஆயிற்று? கரும்புள்ளியைப் பார்த்துப் பருவமழையைக் கணிக்கும் ஆசை நிறைவேறவில்லை. கேள்வி கைகொடுக்கவில்லை, பதிவு கைகொடுத்தது. அந்த ஆய்வகத்தை இன்று நடத்திவரும் இந்திய வானியற்பியல் நிறுவனம்தான், 2023 செப்டம்பர் 2ஆம் நாள் விண்ணில் ஏறிய ஆதித்யா எல்1 விண்கலத்தின் முக்கியமான சூரியக் கருவியை உருவாக்கியது. நூற்றாண்டுப் பழக்கம் விண்வெளிவரை போயிருக்கிறது.

சுழியம் வேறு, வெற்றிடம் வேறு

இப்போது என் மாணவியின் 11 கட்டங்களுக்கு வருகிறேன்.

கோடைக்கானலில் மேகம் மூடிய நாளில் என்ன செய்வார்கள்? முந்தைய நாள் படத்தைப் படியெடுத்து வைக்க மாட்டார்கள். படம் இல்லை என்றால் இல்லைதான். பிற்காலத்தில் ஓர் ஆய்வாளர் அந்தத் தொகுப்பைப் பார்க்கும்போது, எந்த நாளை நம்பலாம், எந்த நாளுக்கு வேறு நாட்டு ஆய்வகத்தின் படத்தைத் தேட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். போலிப் படம் ஒன்று உள்ளே புகுந்துவிட்டால், அவர் மற்ற எல்லாப் படங்களையும் சந்தேகிக்க வேண்டிவரும். ஒரு பொய்யான எண், தான் இருக்கும் கட்டத்தை மட்டும் கெடுப்பதில்லை. பக்கத்திலுள்ள உண்மையான எண்களின் மதிப்பையும் குறைத்துவிடுகிறது.

இதை நம் தோட்டத்துப் பெரியவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். தோட்ட அலுவலகத்தில் மழைமானி இருக்கும். கிராணி அன்றாடம் அதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார். மழை பெய்தால் பால் வெட்டு நின்றுபோகும், வருமானமும் அடிபடும். ஆகவே அந்தப் பதிவேடு விளையாட்டுப் பொருள் அல்ல. அதில் ‘0’ என்று இருந்தால், மழைமானியைப் பார்த்தார், மழை இல்லை என்று பொருள். ஒன்றும் எழுதாமல் இருந்தால், அன்று யாரும் பார்க்கவில்லை என்று பொருள். சுழியமும் வெற்றிடமும் ஒன்றல்ல. இந்த ஒரு வேறுபாடு புரிந்துவிட்டால் அறிவியலில் பாதி புரிந்த மாதிரி.

நம் ஊருக்கு அருகிலுள்ள மெலாவாத்தி மலையிலும் இதைக் காணலாம். பிறை பார்க்கும் மாலைகளில் அதிகாரிகள் அங்குத் தொலைநோக்கியுடன் மேற்குக் கடல் பக்கம் பார்ப்பார்கள். மேகம் மறைத்துவிட்டால், ‘பிறை தெரியவில்லை’ என்பதே அன்றைய பதிவு. அதைச் சொல்ல யாரும் வெட்கப்படுவதில்லை.

இரவுதோறும் காத்திருந்த கேமராக்கள்

இந்தப் பொறுமை கோடைக்கானலுக்கு மட்டும் உரியதன்று. செக் குடியரசின் தலைநகர் பிராக் நகரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில் ஒண்ட்ரெயோவ் என்ற சிற்றூர் இருக்கிறது. கோடைக்கானல் ஆய்வகத்திற்கு ஓராண்டு முன்பு, 1898ஆம் ஆண்டில், யோசப் யான் ஃப்ரிச் என்பவர் அங்கே நிலம் வாங்கி வானாய்வகம் ஒன்றைத் தொடங்கினார். 1928ஆம் ஆண்டில் அதை நாட்டுக்கே கொடுத்துவிட்டார். இன்று அது அந்நாட்டின் பொது ஆய்வு நிறுவனமாக இயங்குகிறது.

1951ஆம் ஆண்டு முதல் அங்கிருந்தும் இன்னோர் இடத்திலிருந்தும், வானம் தெளிந்த இரவுகளில் கேமராக்களைத் திறந்துவைத்து எரிமீன்களைப் படமெடுத்தார்கள். எட்டு ஆண்டுகள் இப்படிப் போயின. 1959 ஏப்ரல் 7ஆம் நாள் இரவு, மிகப் பிரகாசமான நெருப்புக்கோளம் ஒன்று வானைக் கிழித்துக்கொண்டு போனது. கேமராக்கள் வழக்கம்போல் திறந்திருந்தன. இரண்டு இடங்களிலிருந்து எடுத்த படங்களை வைத்து ஸ்டெனெக் செப்லெக்கா என்ற அறிவியலாளர் அதன் பாதையைக் கணக்கிட்டார். பிரிப்ராம் என்ற ஊருக்கு அருகில் அதன் நான்கு துண்டுகள் கிடைத்தன. விழுந்த விண்கல் ஒன்று விண்வெளியில் எந்தப் பாதையில் வந்தது என்பதை மனிதன் படங்களைக் கொண்டு அறிந்தது அதுவே முதல்முறை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள் பட்டைவரை அந்தப் பாதை நீண்டது.

அந்த ஓர் இரவைப் பாடநூல்கள் சொல்லும். அதற்கு முன் ஒன்றும் நடக்காமல் போன இரவுகளை யாரும் சொல்வதில்லை. ஆனால் அந்த இரவுகளில் ‘இன்று என்ன வரப்போகிறது’ என்று கேமராவை மூடி வைத்திருந்தால் இந்த இரவும் கிடைத்திருக்காது.

இரண்டு வாரச் செயல்திட்டம் போதுமா?

நம் பள்ளிகளில் அறிவியல் விழாக்கள் நடக்கின்றன. இரண்டு வாரத்தில் செய்த செயல்திட்டம், வண்ண அட்டை, மின்னும் விளக்கு, ஒரு கோப்பை. நானும் மாணவர்களை அழைத்துப் போயிருக்கிறேன், குறை சொல்லவில்லை. ஆனால் முடிவை மட்டும் பாராட்டிப் பாராட்டி, முடிவு வேண்டும் என்பதற்காக எண்களைச் சரிசெய்யும் பழக்கத்தையும் நாம் சேர்த்தே வளர்க்கிறோமோ என்ற அச்சம் எனக்கு இருக்கிறது. மேல்படிவத்தில் அறிவியல் பாடம் எடுக்கத் தயங்கும் மாணவர்கள், ‘அதற்கெல்லாம் பெரிய மூளை வேண்டும், சார்’ என்கிறார்கள். இல்லை. நாள்தோறும் ஒரு வேலையைச் சரியாகச் செய்யும் மனம் போதும், தொடங்குவதற்கு.

‘இப்போதுதான் கருவிகளே தாமாகப் பதிவு செய்கின்றனவே, மனிதன் எதற்கு?’ என்று சிலர் கேட்கலாம். கருவியும் பழுதாகும்; வில்லையில் தூசு படியும்; யாரோ இடத்தை மாற்றி வைப்பார்கள். அன்று என்ன நடந்தது என்று எழுதிவைக்க ஒரு நேர்மையான ஆள் எப்போதும் தேவை. எண்ணிக்கை கூடக்கூட அந்த ஆளின் தேவையும் கூடுகிறதே தவிர குறையவில்லை.

சலிப்பாக இருக்காதா? இருக்கும். அதை மறைக்க மாட்டேன். எல்லாப் பதிவேட்டிலிருந்தும் எவர்ஷெட் விளைவு வருவதில்லை. ஆனால் ஓர் ஆண்டுப் பதிவு வெறுங்கையோடு உங்களை அனுப்பாது. எப்படி என்று பாருங்கள்.

ஒரு கம்பு, ஓர் ஆண்டு

சுங்கை செம்பிலாங் கடற்கரையிலோ, தோட்டத்து வீட்டு முற்றத்திலோ ஒரு மீட்டர் கம்பைச் செங்குத்தாக நடுங்கள். நம் நாட்டுக் கடிகாரம் நமக்குக் கிழக்கே வெகுதொலைவிலுள்ள தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. ஆகவே நமக்கு உண்மையான நண்பகல் 12 மணிக்கு வராது. பெரும்பாலும் 1 மணிக்கும் 1.30க்கும் இடையில் வரும். அந்த நேரத்தில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளந்து, மிகக் குறைந்த நிழலைக் குறித்துக்கொள்ளுங்கள். நிழலை மட்டும் பாருங்கள். சூரியனை வெறுங்கண்ணால் ஒருபோதும் பார்க்காதீர்கள். தொலைநோக்கி வழியாகப் பார்ப்பது அதைவிட ஆபத்து.

மார்ச் 29, செப்டம்பர் 14 ஆகிய நாள்களை ஒட்டி நிழல் கம்பின் காலடியில் ஒடுங்கிவிடும். அப்போது சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே இருக்கும். ஜூன் 21இல் நிழல் தெற்கே விழும். நீளம் சுமார் 37 செ.மீ. டிசம்பர் 22இல் வடக்கே விழும். நீளம் சுமார் 50 செ.மீ. அந்த நாளில் மேகமா? கவலை வேண்டாம். அதையொட்டிய சில நாள்களில் நிழல் அதிகம் மாறாது. மேகம் என்று எழுதிவிட்டு மறுநாள் அளந்துகொள்ளுங்கள்.

இனி மூன்றாம் படிவக் கணிதத்தில் படிக்கும் தாஞ்சனை எடுங்கள். நிழல் 0.37 மீட்டர், கம்பு 1 மீட்டர் என்றால், சூரியன் உச்சியிலிருந்து 20.3 பாகை விலகியிருக்கிறது. டிசம்பரில் 0.50 மீட்டருக்கு 26.6 பாகை. இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள். சுமார் 23.5 வரும். அதுதான் பூமியின் அச்சின் சாய்வு! பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துப் பாதியாக்குங்கள். 3 பாகைக்குச் சற்று மேல் வரும். அது நம் ஊரின் அட்சரேகை!

செலவு ஒரு கம்பு, ஓர் அளவுநாடா, ஒரு நோட்டுப் புத்தகம். விடை பாடநூலில் இருக்கிறதே என்று கேட்காதீர்கள். பாடநூலில் இருப்பது பிறர் அளந்த பூமி. இது நீங்கள் அளந்தது. ஆனால் ஒன்று: ஜூன் மாத எண்ணைக் கற்பனையாக எழுதினால் டிசம்பரில் விடை கோணலாகும். பொய்யை ஆசிரியர் கண்டுபிடிக்காவிட்டாலும் சூரியன் கண்டுபிடித்துவிடும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்

ஒவ்வொரு பள்ளியின் அறிவியல் கழகமும் ஒரே ஒரு பதிவேட்டைத் தொடங்கட்டும். நிழலாக இருக்கலாம், மழையாக இருக்கலாம், கடலோரப் பிள்ளைகளுக்கு நீரேற்ற அளவாக இருக்கலாம், கம்போங் குவாந்தான் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆற்றோர மின்மினிகளாக இருக்கலாம். ஐந்தாம் படிவ மாணவர் பள்ளியைவிட்டுப் போகும்போது அதை இளைய மாணவர் கையில் கொடுத்துவிட்டுப் போகட்டும். பத்து ஆண்டு கழித்து அந்தப் பள்ளியிடம் எந்தக் கடையிலும் வாங்க முடியாத ஒரு பொருள் இருக்கும்.

அறிவியல் விழாவில் கோப்பைகளோடு ஓர் ஆண்டுப் பதிவேட்டுக்கும் ஒரு பரிசு வையுங்கள். அதை மதிப்பிடும்போது எத்தனை கட்டம் நிரம்பியிருக்கிறது என்று பார்க்காதீர்கள். நிரம்பாத கட்டத்தில் காரணம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

என் பங்குக்கு என் திட்டத்தை மாற்றிவிட்டேன். இப்போது ‘முழுமை’ என்ற பகுதி இல்லை. ‘நேர்மை’ என்ற பகுதி இருக்கிறது. அந்த மாணவியையும் தேடிப்போய், நான் போட்ட புள்ளி தவறு என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, ‘அந்த மறந்துவிட்டேன் கட்டத்துக்குமா, சார்?’ என்று கேட்டார்.

அந்தக் கட்டத்துக்குத்தான் முதலில்.